என் பின்னால் வந்த தேவராஜன் அண்ணன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் நாங்கள் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரேக் தேநீர் சொல்லியிருந்தேன். ஒன்று எனக்கு. சீனி குறைத்த மற்றொன்று தேவராஜன் அண்ணனுக்கு. இரண்டும் மேசைக்கு வந்து ஆடை படியத் தொடங்கியபோது கைப்பேசியில் அவர் பெயர் மின்னியது. எடுத்ததும், "என்னண்ணே, மோட்டாரத் தள்ளிக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

மறுமுனையில் பேசியவர் அவர் அல்லர். யாரோ ஒரு மலாய்க்காரர். இந்தக் கைப்பேசிக்கு உரியவரை எனக்குத் தெரியுமா, நான் அவருக்கு உறவா என்று மலாயில் கேட்டார். கடலோர நெடுஞ்சாலையில் விபத்து என்றார். சீக்கிரம் வாருங்கள் என்றார். பிறகு யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பார்த்து வாருங்கள் தம்பி, இனி அவசரப்பட வேண்டாம்" என்றார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

தேவராஜன் மாரிமுத்து அவர்களுக்கு வயது நாற்பத்து நான்கு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடியில் மனைவி ஜெயந்தியுடனும் ஒரே மகள் யாழினியுடனும் வாழ்ந்தார். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக இருந்தார். நான் அதே தொழிற்சாலையில், அதே பிரிவில், பதினோர் ஆண்டுகள் அவருடன் வேலை செய்தவன். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அவர் இறந்த விதம் பற்றி அவர்களுக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. ஒரு வார்ப்பு இயந்திரத்தில் பொருள் சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தாமல் கதவைத் திறந்து கையை உள்ளே விடப் போனேன். பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். மொத்த வரிசையும் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்து கத்தினார். அண்ணன் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரலு என்ன பல்லி வாலா? போனா மொளைக்குமா? மெஷின் நாளைக்கும் ஓடும் தம்பி. அவசரம் ஒனக்கா, அதுக்கா?" என்றார்.

எங்கள் பிரிவில் நேப்பாளிகளும் வங்காளதேசத்தவர்களும் இருக்கிறார்கள். 'கையை எடு', 'தள்ளி நில்', 'சாப்பிட்டாயா' என்ற மூன்றையும் அவர்களுடைய மொழிகளில் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு சிறு நோட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இயந்திரக் கோளாறுகளைக்கூட முதலில் தமிழில் எழுதி, அதன் கீழே மலாயில் எழுதுவார். மேலாளர் ஒருமுறை கேட்டதற்கு, "தமிழ்ல எழுதுனாத்தான் பாஸ், எனக்கு அது என்ன கோளாறுன்னே புரியுது" என்றாராம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் டெங்கிக் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன். என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். நான் யாரையும் கேட்கவில்லை. அண்ணன் தாமாக வந்தார். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடித்த கையோடு, அப்பாவைத் தம் பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து அழைத்துச் சென்று, முடியும்வரை காத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார். ஒன்பது முறை அப்படிச் செய்தார். "ரொம்ப மெதுவா ஓட்டுறான்பா அந்தப் பையன். பின்னாடி ஒக்காந்தா எனக்குத் தூக்கம் வருது" என்று அப்பா சொல்வார்.

அப்பா அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் அதைக் கேலியாக்கினேன். தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன். தினமும் இருவரும் பினாங்குப் பாலம் வழியாக ஒன்றாகத்தான் வருவோம், போவோம். பாலத்தின் இடப்புறம் மோட்டார்களுக்கென இருக்கும் தடத்தில் அவர் அறுபதைத் தாண்ட மாட்டார். எனக்கு வேகம் பிடிக்கும். சனிக்கிழமைகளில் ஜூருவில் பழைய மோட்டார்களைத் தேடிப் பார்த்து, கழற்றி மாட்டி, முடுக்கி ஓட்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. "வாங்கண்ணே, ஒரே ஒரு தடவ போட்டி போட்டுப் பாத்துடுவோம்" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. "நீ முன்னாடி போ குமார். நான் வந்துடுவேன். எங்க போயிடப் போறேன்?" என்பார். பதினோர் ஆண்டுகள் அதே பதில்.

இந்த ஆண்டு அவருடைய பழைய மோட்டார் ஒருவழியாக ஓய்ந்துவிட, நூற்றைம்பது சி.சி. மோட்டார் ஒன்று வாங்கினார். கறுப்பு நிறம். யாழினி தேர்ந்தெடுத்தது என்று பெருமையாகச் சொன்னார். அன்று சாப்பாட்டு நேரத்தில் இருபது பேர் மத்தியில், "மோட்டார் புதுசுலா, ஓட்டுறவருதான் பழசு" என்றேன். மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் மறுநாள் அதையே மீண்டும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை முடிந்தது. இரவு முழுவதும் இரண்டு இயந்திரங்கள் தகராறு செய்திருந்தன. அண்ணன் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. கைகழுவும் இடத்தில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து, "சரி வா குமார். இன்னிக்கி ஓட்டிப் பாத்துடுவோம். ஒரு தடவதான். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். விடியற்காலையில் தூறல் போட்டிருந்ததும் தெரியும். 'இன்னொரு நாள் பார்க்கலாம் அண்ணே' என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னது, "அப்படிப் போடுங்கண்ணே!"

பாலத்தை விட்டுத் தீவுக்குள் இறங்கியதும் சாலையோரம் இருவரும் நின்றோம். அங்கிருந்து ஜெலுத்தோங் கடைவரை என்று பேச்சு. கிளம்பினோம். முதல் சில நிமிடங்கள் அவர் என்னை ஒட்டியே வந்தார். கண்ணாடியில் அவருடைய முன்விளக்கு பெரிதாகத் தெரிந்தது. நான் இன்னும் முடுக்கினேன். பிறகு அந்த விளக்கு சிறிதாகியது. பிறகு காணவில்லை. அவரைத் தோற்கடித்துவிட்டேன் என்று, தலைக்கவசத்துக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்ததைக் காரில் அவருக்குப் பின்னால் வந்த அந்த மலாய்க்காரர்தான் சொன்னார். முன்னே போன ஒரு வாகனம் இடப்புறம் திரும்ப வேகத்தைக் குறைத்திருக்கிறது. அண்ணன் மோதாமல் இருக்க வலப்புறம் ஒடித்திருக்கிறார். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கி, நடுவிலிருந்த தடுப்பில் மோதி விழுந்திருக்கிறார். அவர் வழக்கம்போல் நிதானமாக வந்திருந்தால், பிரேக்கை மெல்லப் பிடித்தாலே போதுமான இடைவெளி இருந்திருக்கும்.

மருத்துவமனையில் ஜெயந்தி அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வருவீங்க தம்பி? நீங்க எப்படி முன்னாடி போனீங்க?"

"அண்ணன் பின்னாடி வந்துக்கிட்டு இருந்தாரு அக்கா" என்றேன். சொல்லளவில் அது பொய் இல்லை. காவல் துறையினரிடமும் அதையேதான் சொன்னேன்.

இறுதிச் சடங்கன்று தொழிற்சாலை வேனில் நேப்பாளிகளும் வங்காளதேசத்தவர்களும் வந்து இறங்கினார்கள். வீட்டில் இடமில்லாமல் மாடிப்படிகளில் வரிசையாக நின்றார்கள். "அவ்வளவு நிதானமா ஓட்டுற மனுஷன்" என்று எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நான் பூமாலைகளை அடுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். சொந்தக்காரர் ஒருவர் படியருகே நின்று இன்னொருவரிடம், "நிதானமா ஓட்டுறவன் தடுப்புல ஏன் போய் மோதுறான்? தண்ணி போட்டிருப்பான். வேற என்ன?" என்றார். அவருக்கு இரண்டடி தள்ளி யாழினி, தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய தட்டுடன் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த மாலையை எடுத்தேன்.

அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் அடுக்குமாடி முழுவதும் பரவியது. தொழிற்சாலைக்கும் வந்தது. அண்ணன் மதுவைத் தொட்டவர் அல்லர். விருந்துகளில் குவளையைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதை அறிந்தவர்களே, இருக்குமோ என்று பேசத் தொடங்கினார்கள்.

என்னைப் பேச வைத்தவர் என் அப்பா. ஒருநாள் மாலை அவரைச் சுத்திகரிப்பிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கையை விடவில்லை அவர்.

"அவன் பின்னாடி நான் ஒக்காந்து போயிருக்கேன்டா. ஒரு குழியில விட மாட்டான். அவன் எப்படி ஓட்டுவான்னு எனக்குத் தெரியும். என்ன நடந்துச்சு? சொல்லு."

சொன்னேன். முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் விட்டுவிட்டார். "மொதல்ல அந்தப் புள்ளைக்கிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் என்கிட்ட பேசு" என்றார்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போய் முழு வாக்குமூலம் கொடுத்தேன். அங்கிருந்து நேராக அக்காவின் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு மூன்று நாள் இருந்தது. அக்காவும் யாழினியும் அழைப்புச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை.

அக்கா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "யாரு ஜெயிச்சா?"

"நான்தான் அக்கா."

அவர் தலையசைத்தார். ஏதோ ஒரு விவரத்தைச் சரிபார்த்துக்கொள்பவர்போல. "ஹாஸ்பிடல்ல கேட்டேனே தம்பி. அன்னிக்கே சொல்லியிருந்தா, எம்பொண்ணு அந்தப் பேச்சக் கேட்டுருக்க மாட்டாளே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பிறகு, "கருமக்கிரியைக்கு வர வேணாம். இந்த வீட்டுக்கும் இனிமே வர வேணாம். ஒங்க முகத்தப் பாத்தா எனக்கு அவரு தனியா விழுந்து கெடந்ததுதான் ஞாபகம் வரும்" என்றார்.

அது நியாயம்.

நான் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது யாழினி பின்னால் வந்தாள். பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், அந்த மோட்டார் நான்தான் செலக்ட் பண்ணேன். அதுதான் காரணமா?"

"இல்லம்மா. மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் காரணம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எல்லாருக்கும் சொல்லுங்க. என்கிட்ட மட்டும் சொன்னா போதாது. அப்பா குடிக்கலன்னு எழுதிப் போடுங்க. ஒங்க பேரையும் போடுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். தேவராஜன் மாரிமுத்து குடித்திருக்கவில்லை. அவர் தூங்காதவர், களைத்தவர், ஆண்டுக்கணக்கில் நண்பன் ஒருவனால் பலர் முன் சிறுமைப்படுத்தப்பட்டவர். அந்த நண்பன் நான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சாலையில் அவர் வேகமாக ஓட்டினார். அதற்கு அவரைக் கூப்பிட்டவன் குமரேசன் என்கிற நான். வழக்கு இனி நீதிமன்றத்துக்குப் போகும் என்கிறார்கள். என்ன தீர்ப்பானாலும் ஏற்றுக்கொள்வேன். அண்ணனைப் பற்றித் தவறாகப் பேசியவர்கள், இதைப் படித்தபின் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் இப்போது மோட்டார் ஓட்டுவதில்லை. ஆயர் ஈத்தாமிலுள்ள என் வீட்டிலிருந்து பேருந்தில் படகுத்துறைக்குப் போய், ஃபெர்ரியில் கடலைக் கடந்து, அக்கரையில் தொழிற்சாலை வேனில் ஏறுகிறேன். பதினாறாம் நாளன்றும் அப்படித்தான் போனேன். காலை வெயிலில் ஜார்ஜ்டவுன் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் வீட்டில் அவர் படத்துக்கு முன்னால் படையல் போட்டிருப்பார்கள். ஃபெர்ரியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்து நின்றேன். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி ரொட்டியைப் பிட்டுக் கடற்பறவைகளுக்கு எறிந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையிலும் ஒரு துண்டை வைத்தார். எறிந்தேன். அது தண்ணீரைத் தொடும் முன் ஒரு பறவை எடுத்துக்கொண்டது.

அண்ணே, நான் மன்னிப்பு கேட்க நீங்கள் இங்கே இல்லை. நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். போய் வாருங்கள்.