லீலாபாயின் யோசனை

திருவட்டாறு பக்கம் தத்துவம் என்றால் ஞானதாசன் சார்தான். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். மாதக் கடைசிச் சனிக்கிழமை வாசகசாலைக் கூட்டத்தில் அவர் எழுந்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வாயடைத்துப் போவார்கள். அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மனைவி லீலாபாய் மீன் அறுத்துக்கொண்டே கேட்ட கேள்வி அது. மரச்சீனிக் கிழங்கு வேகிற நேரத்தில் அவளே கண்டுபிடித்த பதில். முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. கூட்டம் வீட்டில் நடக்கிற நாட்களில், சாயா கொண்டுபோய்க் கொடுக்கையில் தன் வார்த்தைகளையே கேட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்புவாள். வலிக்கும். யார் வாயில் வந்தால் என்ன என்று தேற்றிக்கொள்வாள். பெண்களுக்கு இந்தத் தேற்றலை யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ!

சொல் இல்லாமல் சிந்தனை இல்லை என்று சார் அடிக்கடி முழங்குவார். அது ஒன்றுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றது. கேட்பதெல்லாம் புரியும். ஆம் என்றால் தலையை ஆட்டுவார், இல்லை என்றால் இடது கையை வீசுவார். ஏதாவது வேண்டுமென்றால் நெற்றி சுருங்கும். லீலாபாய் தண்ணீரா, ஜன்னலா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். தப்பான சொல்லை உடனே தள்ளுவார். சரியான சொல் வந்ததும் முகம் தெளியும். அப்படியானால் சொல் வருமுன்பே அவர் தேடுவது உள்ளே இருக்கிறது. இல்லாவிட்டால் எதை வைத்துத் தள்ளுகிறார்? வாரக்கணக்கில் யோசித்து நான்கு பக்கம் எழுதினாள். இதையாவது யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று சின்னப் பிள்ளைபோல மகிழ்ந்தாள்.

வாசகசாலைச் செயலாளர் சுயம்புராஜ் வீட்டுக்கு வந்தான். சாரின் சிந்தனைகளை மலராகப் போடுகிறார்களாம். வெளிவராத எழுத்து ஏதும் உண்டா என்று கேட்டான். தன்னுடையதும் அதில் வரட்டும் என்று லீலாபாய் அந்த நான்கு பக்கத்தைக் கொடுத்தாள். கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாக வாசித்தான்.

"எக்கா, இது பெரிய விஷயமில்லா! சாரு எப்பம் சொன்னாவ?"

"அவிய சொல்லல்ல தம்பி. எனக்க யோசனையாக்கும். எனக்க பேருல போடணும்."

மரியாதையாகத்தான் சிரித்தான். "முன்னமே சொல்லியிருப்பாவ. ஒங்களுக்கு மறந்திருக்கும்."

"தீனம் வந்து பேச்சு நின்ன பொறவு எனக்குத் தோணினத அவிய எப்பிடி முன்னமே சொல்லுவாவ?"

அவன் கட்டில் பக்கம் திரும்பினான். "சாரே, இது நீங்க சொன்னதுதானே?"

லீலாபாய்க்குக் கொஞ்சமும் பயமில்லை. அவர் கையை வீசுவார். இந்த ஒரு தடவை வீசினால் போதும், முப்பது வருஷத்தையும் மன்னித்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஞானதாசன் அவளைப் பார்த்தார். சுயம்புராஜ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

சுயம்புராஜ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். லீலாபாய் கணவனின் முகத்தையே பார்த்து நின்றாள். ஒரு சொல்லும் இல்லாமல், நன்றாக யோசித்து, தெரிந்தே ஒரு பொய் சொல்லியிருக்கிறார் மனுஷன். அவள் எழுதியது அத்தனையும் சரி.