அத்தை ஏறாத இரண்டாம் படி

நான் சொன்ன பொய்களில் சபை வரைக்கும் போனது ஒன்றே ஒன்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம். பூனா கேம்ப் பக்கம் குடியிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் யார் வீட்டிலும் கேக் சுட வசதி கிடையாது. மாவைக் கலந்து, பேர் எழுதிய சீட்டோடு இரானி பேக்கரிக்குக் கொடுத்துவிடுவோம். தகர டின்னில் வெந்து வரும். எங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை வாங்கிவர அம்மா என்னை அனுப்பினார். நடந்துதான் வர வேண்டும் என்று உத்தரவு. பத்து வயதுக்காரனான நான் வாடகைச் சைக்கிள் எடுத்தேன். வளைவில் ஒரு டாங்கா வண்டி வந்தது. குதிரைக்கு விலகத் தெரிந்திருந்தது.

கீழே விழுந்து உதிர்ந்த கேக்கை அள்ளி டின்னில் போட்டு, சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். "நம்ம டின்ன அத்த எடுத்துட்டுப் போயிட்டாவ. இது அவிய டின்னு" என்றேன். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவர் வீட்டு மேசையில் முழுக் கேக் ஒன்று இருக்கவே, அம்மா நம்பிவிட்டார்.

அப்பா ராணுவ அலுவலகக் குமாஸ்தா. எந்தக் காகிதமும் படிப்படியாகத்தான் மேலே போக வேண்டும் என்பவர். வேதமும் அதையே சொன்னதில் அவருக்குப் பெரிய ஆறுதல். குற்றம் செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்குச் சொல். வருஷப் பிறப்பன்று திருவிருந்து. மனத்தாங்கலோடு அதை வாங்கக் கூடாது. இருந்தது ஒரே வாரம்.

முதலில் அம்மா தனியாகப் போனார். தன் டின்னைத்தான் எடுத்ததாக அத்தை சொல்லிவிட்டார். இரண்டாம் படிக்கு அப்பாவோடு சாட்சியாகப் போனவன் நான். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். ஞாயிறு பள்ளியில் இதே சரளத்துக்காக எனக்குப் பரிசு கொடுத்த டீச்சர், அத்தைதான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் படி, போதகர் வீடு. அங்கே அத்தை எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் வாதாடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம் மனசு நொந்துட்டுல்லா, என்னய மன்னிச்சிரு" என்றார். அம்மா பெருந்தன்மையோடு மன்னித்தார். ஜெபத்தின் முடிவில் உரக்க ஆமென் சொன்னது நான்.

வருஷப் பிறப்பன்று எல்லாரும் திருவிருந்து வாங்கினார்கள். பாடகர் குழுவில் ஒரு அம்மாள் அத்தையிடம், "டீச்சர், அது ஒங்க பாட்டுப் புஸ்தகந்தானா? பாத்து எடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானம் நான் மறுபடி வாடகைச் சைக்கிள் எடுத்திருந்த கடைக்கு அத்தை தனியாக வந்தார். பேக்கரியில் விசாரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏல, எங்கிட்ட எதும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல அத்த."

"சரி. பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குச் சாட்சிப் பஞ்சம் இல்லை. கடைக்காரரே பக்கத்தில் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அத்தை இரண்டாம் படி ஏறவில்லை. அன்றும் இல்லை, அதன் பிறகு இருந்த நாளெல்லாம் இல்லை. முதல் படியிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வாடகை நேரம் இன்னும் பாக்கி இருந்தது. மேலும் ஒரு சுற்று ஓட்டினேன்.