மல்லாவியில் பார்த்த லொறி

எங்கள் லொறி என்னைவிட மூன்று வயது மூத்தது. பெற்றோலில் ஓடவென்று செய்யப்பட்ட அதை நான் மண்ணெண்ணெயில் ஓட்டினேன். அந்த ஆண்டுகளில், போர்க்காலத் தடையால், வன்னிக்குள் பெற்றோலை மருந்துபோல் போத்தலில்தான் வாங்கலாம். சேலைன் குழாயால் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் உள்ளே கரியை அப்பிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினின் தலையைக் கழற்றி, கரி சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பூட்டுவேன். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த்துண்டை வைத்துத் தைத்து ஓடினேன். எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்தில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

என் தங்கையின் கணவர் வயல்காரர். ஸ்பானரை எந்தக் கையால் பிடிப்பதென்றே அவருக்குத் தெரியாது. இரண்டு போகம் நன்றாக விளைந்த கையோடு ஒருநாள் வந்து நின்றார்.

"அண்ணை, மல்லாவியில ஒரு டீசல் லொறி விலைக்கு நிக்குதாம். ஆறு வருசம்தான் ஓடினதாம். ஒருக்கா வந்து பாருங்கோவன். நீங்கள் ஓம் எண்டாத்தான் எடுப்பன்."

இருவரும் சைக்கிளில் போனோம். வேலியோரம் நின்ற லொறியைக் கண்டதுமே எனக்கு வயிறு எரிந்தது. பழுது ஒன்று கிடைக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் சோதிக்கத் தொடங்கினேன். றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றினேன், புகை வரவில்லை. கீழே படுத்து சேசிஸ் முழுவதையும் விரலால் தடவினேன். ஒட்டு இல்லை, வெடிப்பு இல்லை. நான் பத்து வருடம் கை கிழிந்து ஓட்டியது ஒரு கிழட்டு லொறியை. இந்த மனிதர் நேரே இதில் ஏறி உட்காரப் போகிறார்.

எழுந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு அவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன்.

"சேசிஸ் எங்கேயோ அடிபட்டிருக்கு. எஞ்சினும் ஒருக்காக் கழட்டிப் பூட்டினது. விடுங்கோ, வேறை பாப்பம்."

அவர் லொறியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் சொன்னாச் சரி அண்ணை."

திரும்பும்போது சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. தங்கை வீட்டில் சிரித்துக் கதைத்தபடி புட்டை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை அந்த லொறி அவள் வீட்டு முற்றத்தில் நின்றது. யாரோ ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டி வாங்கியிருந்தார்கள். நான் நேரே குசினிக்குள் போனேன். தங்கை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் இன்னொராளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னனான்," என்றாள், தலையை நிமிர்த்தாமலே. "பழுது லொறியைப் பாத்திட்டு வந்த ஆள் அப்பிடிச் சிரிச்சுக்கொண்டு சாப்பிடமாட்டார் அண்ணா."

லொறி நின்ற முற்றத்தால் போகாமல் பின்வாசலால் வெளியேறினேன்.

அதன்பிறகு விடியற்காலையில் அந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்கும் சத்தம் என் வீடுவரை கேட்கும். நான் அப்போது சேலைன் குழாயோடு நிற்பேன். வாடகைக்கு நெல் ஏற்றுகிறவர்கள் முதலில் அவரிடம் போனார்கள். ஒருநாளாவது அது நடுவழியில் நிற்கட்டும் என்று பிள்ளையாரிடமே கேட்டிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கேட்டேன்.

ஒரு மாரிகாலத்தில் அது நின்றது. அக்கராயன் ஊரைத் தாண்டி எஞ்சின் இழுக்காமல் நிண்டுபோச்சு என்று அவர் நனைந்தபடி வந்தார். போய்ப் பார்த்தேன். பீப்பாய் டீசலின் அழுக்கு, அதை வடிக்கும் பில்ரரை அடைத்திருந்தது, அவ்வளவுதான். பம்ப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் மாதக்கணக்கில் நின்றிருக்கும். பம்புக்குச் சாமான் வன்னிக்குள் வராது. அந்தச் சொல் வாய்வரை வந்தது. மழையில் அவர் என் தலைக்கு மேல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பில்ரரைக் கழற்றிக் கழுவினேன். இனி டீசலை இரண்டு நாள் தெளிய விட்டு, துணியில் வடித்து ஊற்றச் சொன்னேன். பிறகு, குனிந்தபடியே, "மல்லாவியில நான் சொன்னது பொய்," என்றேன்.

"தெரியும் அண்ணை. அவள் அண்டைக்கே சொன்னவள்."

"பிறகேன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் இந்த எஞ்சினைப் பிறகு தொடுவியளே? லொறியை ஆரும் வாங்கலாம். பழுது பாக்கிறதுக்கு ஆள் வேணுமெல்லோ?"

அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. லொறி தெரியாத மனிதர் லொறி வைத்திருக்கும் வித்தையை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

மாதம் ஒருமுறை போய் அவருடைய பில்ரரைக் கழுவினேன். என்னுடையதைத் தள்ளி ஸ்ரார்ட் செய்ய வேண்டிய நாட்களில் அவர் வந்து தள்ளினார். பின்பு சண்டையால் இடம்பெயர்ந்தபோது இரண்டு குடும்பத்துச் சாமான்களையும் அவருடையதில் ஏற்றினோம். நடுவழியில் நின்றுவிடுமென்று என்னுடையதில் ஒன்றும் ஏற்றவில்லை. நான் வெறும் லொறியோடு, அது கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு, பின்னால் போனேன்.