ஒரு தரம் கேட்டால் போதாது

என் தங்கைக்கு வீட்டில் வாயில்லாப்பூச்சி என்று பெயர். பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. அவளுடைய மேலாளர் ஜப்பான்காரர். உதிரிபாகம் வாங்க அவர் கையெழுத்து தாமதமானால், போய் ஞாபகப்படுத்துவது இவள் பொறுப்பு. அதற்காகவே கம்பெனியில் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்தினார்கள். காலையில் என் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ஒனெகாய்ஷிமாஸ்" என்பாள். தயவுசெய்து என்று அர்த்தமாம். "நென் நொ தமே" என்றால், எதற்கும் இன்னொரு தரம் கேட்டுக்கொள்கிறேன் என்று. சண்டை போடத் தெரியாதவளுக்கு ஏற்ற பாஷைதான் என்று கேலி செய்வேன்.

காலையில் இவள் மகளுக்குப் பாலர் பள்ளி, மதியத்திலிருந்து இவளுக்கு ஷிப்ட். இவள் கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் தாயும் மகளும் என் வீட்டில்தான். இவள் வீடு திரும்புவதற்குள் குழந்தை என் மடியில் தூங்கிவிடும். எனக்குப் பிள்ளையில்லை. குழந்தை மெல்ல என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. பெற்றவளைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. எனக்கு ஒரு பக்கம் இனித்தது, ஒரு பக்கம் சுட்டது.

காலை ஷிப்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாயா என்றேன். போன வருஷமே மேலாளரிடம் கேட்டாளாம். அவரும் பார்க்கிறேன் என்றாராம். பெரியவரிடம் சொன்னதையே திரும்பச் சொன்னால் மரியாதையில்லை என்று அன்றிலிருந்து காத்திருக்கிறாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போல்ட்டுக்கும் நட்டுக்கும் தினம் போய் ஞாபகப்படுத்துற. உன் பிள்ளைக்காக ஒரு தடவை ஞாபகப்படுத்தக் கூடாதா?" என்றேன்.

மறுநாள் கேட்டிருக்கிறாள். அடுப்படியில் படித்த அதே வார்த்தைகள்தானாம். மனிதர் திகைத்துப்போனாராம். தேவை இருப்பவர் மறுபடி வந்து கேட்பார், வராவிட்டால் வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று விட்டுவிடுவது அவர் வழக்கமாம். அடுத்த வாரமே ஷிப்ட் மாறியது. மரியாதை பார்த்தே ஒரு வருஷத்தைத் தொலைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

முதல் நாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வந்து நின்றாள். குழந்தை "அம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தங்கை பிடுங்கவில்லை, கை நீட்டவும் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன்னைப் பெரியம்மான்னு கூப்பிட நீயே அவளுக்குச் சொல்லிக் குடு. நான் சொன்னா கேக்க மாட்டா."

பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. மாட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. குழந்தையின் கையைக் கழுத்திலிருந்து எடுத்து, முகத்தை அவள் பக்கம் திருப்பினேன்.

"அதோ அம்மா. நான் பெரியம்மா. எங்கே, சொல்லு."

குழந்தை அழுதது. நானும்தான். அது சொல்லும்வரை நான் விடவில்லை.