ஆறாத தாடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சின்னம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மலேசியாவின் ஈஜோக்கில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள் வேலிவரை வந்து நிற்கும் சிறிய வீடு. எலும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல் இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தேவாலய ஆராதனைக்கு உடுத்திய சேலை கசங்காமல் இருக்க அதுவும் வசதிதான் என்பார். “ராணி மாதிரி உக்காந்திருக்கேன்லா. இப்பப் போயி தேத்தண்ணி கேக்காத, நானே பசியில இருக்கேன்” என்று என்னைச் சீண்டுவார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு கொடுத்த மாத்திரை அது. வாரம் ஒன்று. பல ஆண்டுகள் தவறாமல் சாப்பிட்டார். அதன்பின் ஒருமுறை வாசலில் விழுந்து இடுப்பில் அடிபட்டபோது எலும்பு எதுவும் முறியவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சமையலறை டப்பாவில் இருந்தது. எலும்பு மாத்திரையோ வேதாகமத்துக்குப் பக்கத்தில், வைட்டமின் புட்டியோடு இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த அவருக்கு, நோய்க்குக் கொடுப்பதுதான் மருந்து. உடம்பைத் தேற்றுவது சத்து. கடைவாய்ப் பல் ஆடி வலித்தபோது மகன் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனான். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் மலாயில் கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு என்று மட்டும் சின்னம்மா சொன்னார். அவர் எதையும் மறைக்கவில்லை. எலும்புச் சத்தை மருந்தென்று நினைத்ததே இல்லை. பல்லைப் பிடுங்கினார்கள்.

குழி மூடவில்லை. ஈறு விலகி, தாடை எலும்பு மஞ்சளாக வெளியே தெரிந்தது. பிறகு சீழும் வாடையும் வந்தன. பெரிய மருத்துவமனைக்கு நான் அழைத்துப் போனேன். எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து, பல் பிடுங்கிய இடத்தில் தாடை ஆறுவதையும் சில சமயம் தடுத்துவிடும், மிகச் சிலருக்குத்தான் இப்படி ஆகும், முன்பே தெரிந்திருந்தால் வேறு விதமாக யோசித்திருப்பார்கள் என்று அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். “இடுப்பக் காப்பாத்துனது வாயக் கெடுத்துருச்சா” என்றார் சின்னம்மா. வாய் கொப்பளிக்க மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். அந்தக் குழி இன்றுவரை முழுதாக மூடவில்லை.

எங்கள் சுற்றுவட்டாரத் துக்க வீடுகளில் ஞானப்பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் சின்னம்மாதான். அவருடைய அக்காள், என் அம்மா, புக்கிட் பெலிம்பிங் ஊரில் என்னோடு இருந்தார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: “நான் போனா நீதான்டி பாடணும். வேற யாரும் பாடுனா எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

வாடை வந்தபின் சின்னம்மா துக்க வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசினார். “போன்ல நல்லா வாயடிக்கிற, நேர்ல வர மட்டும் காலு வலிக்குதோ?” என்று அம்மா குத்திக் காட்டுவார். “மழையா இருக்குக்கா” என்பார் இவர். வெயில் கொளுத்தும் நாளிலும் அதே பதில்தான். ஒரே ஒரு முறை வந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி அறை வாசலிலேயே நின்றார். அம்மா கையை நீட்டிக்கொண்டே இருந்தார். சின்னம்மா கிட்டே போகவில்லை.

அம்மா இறந்த அன்று கடைசி வரிசையில், யாருக்கும் பக்கத்தில் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். போதகர் பாட்டைத் தொடங்கச் சொல்லி அவரைப் பார்த்தார். சின்னம்மா தலையை ஆட்டி மறுத்தார். வேறொரு பெண் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஆரம்பித்தாள். எல்லாரும் சேர்ந்து பாடி முடித்தார்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன்பு சின்னம்மா எழுந்து வந்தார். முத்தம் கொடுக்க வருகிறார் என்று நினைத்து விலகி நின்றேன். அம்மாவின் முகத்தருகே குனிந்து, தன் வாயைப் பொத்தியிருந்த கைக்குட்டையை எடுத்தார்.

“இனிமே ஒனக்கு நாத்தம் தெரியாதுக்கா.”

பிறகு பாடினார். தாடை ஒரு பக்கம் சரியாகத் திறக்காததால் சொற்கள் உடைந்தன. அக்காளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற அளவில்தான் குரல் இருந்தது. யாரும் சேர்ந்து பாடவில்லை. கடைசி அடிவரை பாடினார். முடிந்ததும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.