சிக்கனம் பேசப் போன கதை

போன வாரம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு – ‘குடும்பத்தில் சிக்கனம்’. கேட்கப் போகிறவர்கள், அங்கே ஷூ தைக்கும் பெண்கள்.

வேலூரிலிருந்து காரில் போகும்போதே குறிப்பு எழுதிவிட்டேன். இத்தனை வருஷம் பத்திரிகையில் பத்தி எழுதுகிற ஆளாச்சே... அட்வைஸுக்கா பஞ்சம்?

கேன்டீனில் கூட்டம். அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தில் பாதியை வெட்டித்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“மளிகையை மாசத்துக்கு ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். விலை குறையும்” என்று ஆரம்பித்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் ஸ்டெல்லா என்றார்.

“மொத்தமா வாங்கணும்னா கையில மொத்தமா துட்டு இருக்கணும் இல்ல மேடம்?”

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“குறைஞ்சபட்ச கூலி ஏறிடுச்சின்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. சந்தோஷப்பட்டோம். அதே மாசம் கம்பெனி பஸ்ஸுக்குன்னு சம்பளத்துல புடிச்சிட்டாங்க. எண்ணெய், பருப்பு, சிலிண்டரு... எல்லாமே ஜாஸ்தி. இன்னும் இன்னாத்த கம்மி பண்றது? நீங்களே சொல்லுங்க.”

“இதுவரைக்கும் எதையெல்லாம் குறைச்சீங்க?” என்று கேட்டேன்.

“பால நிறுத்தியாச்சி. வரக்காப்பிதான்” என்றது ஒரு குரல். “பொண்ணு டியூஷன நிறுத்திட்டேன்” என்றார் இன்னொருவர்.

ஸ்டெல்லா கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். “கண்ணாடி உடைஞ்சி மூணு மாசமாவுது. மாத்தல. கண்ணு சரியா தெரியாம மெஷின் ஊசி விரல்ல ஏறிடுச்சி.”

எழுதி வைத்த குறிப்பை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். அதிகாரி குனிந்து, “மேடம், டாபிக்குக்கு வந்துடலாமா?” என்றார்.

“இதுதான் சார் டாபிக்” என்று மைக்கை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பெல் அடிக்கிற வரை அவர் பேசினார். எனக்கென்ன, காரில் ஏறி வந்துவிடுவேன். மறுநாள் அதே மெஷினில் போய் உட்கார வேண்டியவர் அவர்!

திரும்பும் வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. ஒரு கையால் கூலியை ஏற்றுவது, மறு கையால் பிடுங்குவது, அப்புறம் சிக்கனமாக இரு என்று வகுப்பு எடுப்பது... இது என்ன நியாயம்? பால் இல்லாத வீட்டுக்கும் கண்ணாடி இல்லாத கண்ணுக்கும் பெயர் சிக்கனமா? அதை எடுத்துச் சொல்ல சால்வை போட்டு ஒரு ஆள் – நான்! கோபத்தில் பாதி என் மேல்தான்.

நேற்று ஸ்டெல்லா போன் பண்ணினார்.

“எங்க லைன்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு குடுத்தோம் மேடம். பஸ்ஸுக்குப் புடிக்கறத நிறுத்திட்டாங்க. மொதல்ல கண்ணாடி மாத்தணும்.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“அடுத்த மாசம் இன்னொரு கிளாஸ் வெக்கறாங்களாம்” என்றார். “கோபத்தை அடக்குவது எப்படின்னு.”

நல்லவேளை, அதற்குப் பேச என்னைக் கூப்பிடவில்லை.