சப்பை மூஞ்சிக்கு ஏழு தண்ணீர்

அந்த நாயை நான் ஒரு நாளும் விரும்பியதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசித்து முடித்துவிட்டு, "பாவம், அவவுக்கும் உள்ளுக்குள்ள ஒரு பாசம் இருந்திருக்கு" என்று யாரும் கதைக்கக் கூடாது. பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கடல் வந்து எங்கள் வீட்டையும் கடையையும் வாரிக்கொண்டு போன பிறகு, என் கணவர் கல்முனையில் இருந்த ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் வாகனம் ஓட்டப் போனார். அதற்குப் பொறுப்பாக இருந்தவள் ஒரு வெள்ளைக்காரி. அவளிடம்தான் அந்தச் சப்பை மூஞ்சி நாய் இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. கறுத்த மூஞ்சி, அதில் மூக்கு என்று சொல்ல ஒன்றுமில்லை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல். கண் இரண்டும் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். அது மூச்சு விடுவது வீதி வரைக்கும் கேட்கும்.

வடக்கில் சண்டை முடிந்ததும் அந்த அலுவலகத்தை அங்கே மாற்றப் போவதாகச் சொன்னார்கள். இங்கிருந்து ஒரேயொரு சாரதியைத்தான் கூட்டிக்கொண்டு போவார்களாம். வெள்ளைக்காரி இரண்டு மாத லீவில் தன் நாட்டுக்குப் போகும்போது நாயை இவர் கையில் கொடுத்து, திரும்பி வந்ததும் உன்னையும் நாயையும் வடக்குக்குக் கூட்டிப் போவேன் என்றாளாம். இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நாயோடு வாசலில் வந்து நின்றார்.

"நாய் நல்லபடியா இருந்தா வேலை கட்டாயம் புள்ள" என்றார்.

வடக்கில் கால் வைக்கிற இடமெல்லாம் கண்ணிவெடி என்று ஊரே கதைத்த காலம் அது. கடல் வந்த அன்று என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிப் போட்டவர் இவர். அன்றிலிருந்து, அக்கரைப்பற்றுக்குப் போன மனிசன் திரும்பி வரச் சுணங்கினாலே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாய்க்கு ஏதும் ஆனால் வேலை இல்லை, பயணமும் இல்லை. அவர் சொன்னதில் அதுவும் இருந்தது. அதை நான் அப்போதே மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

நாயை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்காரி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். கழுத்தில் கட்டக் கூடாது, நெஞ்சில் வார் போட வேண்டும். வெயிலில் விடக் கூடாது, மூச்சு முட்டிச் செத்துப் போகும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மூஞ்சி மடிப்பைத் தினமும் துடைக்க வேண்டும், ஈரம் நிற்கக் கூடாது. வீடு போன எங்களுக்கு அவளுடைய அலுவலகம் தந்த படிவம் ஒரு பக்கம்தான். நாய்க்கு இரண்டு பக்கம்! இவர் அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் போடத்தான் நினைத்தேன்.

வெயில் ஆகாது என்பதால் பின்விறாந்தையில் அதற்கு இடம் கொடுத்தார். பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

"என்னகா இது! நாய் இருக்கிற ஊட்டுக்கு மலக்கு வராதே!"

"மலக்கு வராட்டியும் பறவாயில்ல ராத்தா, நீங்க வராம இருந்தாப் போதும்" என்றேன். வானவரைப் பற்றி அப்படிச் சொன்ன வாய்க்கு உடனே அல்லாஹ்விடம் தவ்பாவும் செய்துகொண்டேன்.

நாயின் ஈரம் பட்டால் எங்கள் மார்க்கத்தில் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். அதற்கென்று இவர் கிணற்றடியில் ஒரு வாளி மண் அள்ளி வைத்தார். தினமும் விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, ஆறவைத்த சுடுதண்ணீரில் நனைத்து, மடிப்புக்குள் விட்டுத் துடைப்பார். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பார். அது முடிய, கிணற்றடியில் நின்று கையை ஏழு தரம் கழுவுவார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒரு நாளும் அவர் இப்படி மூஞ்சி துடைத்துவிட்டதில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். அலுவலகச் சாமான் ஏற்றிக்கொண்டு இவர் மூன்று நாள் வவுனியாவுக்குப் போனார். இரண்டாம் நாள் பகல் நான் பின்விறாந்தைப் பக்கத்துக் குசினிக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். மதிய லுஹர் தொழ வந்து பார்த்தால், விரித்து வைத்த என் தொழுகைப் பாயில் அந்த மூதேவி படுத்துக் கிடக்கிறது! வாயிலிருந்து வீணி வடிந்து பாய் ஈரம்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பாயை ஏழு தரம் அலசினேன். நிலத்தை ஏழு தரம் கழுவினேன். அதோடு விட்டிருக்கலாம். ஏழு தண்ணீர் என்பது நாய் பட்ட பொருளுக்கு, நாய்க்கு இல்லை. நாயை எத்தனை தரம் கழுவினாலும் நாய் நாய்தான், குர்ஆன் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரம் தெரியவில்லை. நெஞ்சு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மண்ணைக் கரைத்து அதன் தலையோடு ஊற்றினேன். மேலே ஆறு வாளி நல்ல தண்ணீர். மடிப்புக்குள் விரல் விட எனக்கு அருவருப்பு. துடைக்கவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. மடிப்பில் மண் நின்றதும் தெரிந்தது. மிருக வைத்தியரின் வீடு ஆட்டோவில் பத்து நிமிடம்.

நான் போகவில்லை. பின்விறாந்தைக் கதவைச் சாத்திவிட்டுச் சோறு ஆக்கினேன். நிம்மதியாகவும் சாப்பிட்டேன். அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் அந்தக் கதவை நான் திறக்கவில்லை.

இவர் வந்து பார்த்துவிட்டு "யா அல்லாஹ்!" என்று கத்தினார். கண் வீங்கி, மேலால் வெள்ளை படர்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இந்தச் சாதி நாய்க்குக் கண்ணுக்கு முன்னால மூக்கு இல்ல. என்ன வந்தாலும் கண்ணிலதான் படும்" என்றார் வைத்தியர். "மடிப்புக்குள்ள மண் கிடந்து அராவி, கண் புண்ணாப் போயிட்டு. எப்ப தொடங்கின?"

"இண்டைக்குக் காலைல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"நான் வடக்க போகக் கூடாதெண்டு நீ வேணுமெண்டே மண் போட்டிருக்கா, என்ன?"

"குர்ஆன் மேல சத்தியமா இல்ல! ஆத்திரத்தில கழுவினன். வேணுமெண்டு மண் போடல்ல!"

அந்தச் சத்தியம் உண்மை. மண்ணுக்கு மட்டும்தான் நான் சத்தியம் செய்தேன், சாத்தி வைத்த கதவுக்கு இல்லை.

அவர் நம்பவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. இந்த மனிசனின் வாயை அடைக்கிறேன் பார் என்று அந்தச் சனியனைப் பிடித்து நானே மருந்து விடத் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு. முதலில் கையில் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டேன். பை சரசரக்கிற சத்தத்துக்கு அது தலையைத் திருப்பும், மருந்து காதில் விழும். பிறகு வெறும் கையால் தாடையைப் பிடித்தேன். கடிக்கவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் ஏழு கழுவல், அதில் ஒன்று மண்ணில். என் கைத்தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. "ஆடாமக் கிட, சப்பை! உனக்கு என்ன கேடு, எனக்குத்தான் கேடு" என்று ஏசி ஏசித்தான் விட்டேன்.

மூன்று கிழமையில் கண் தெளிந்தது. ஓரத்தில் கடுகளவு வெள்ளை மட்டும் மிஞ்சியது. இவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து வைத்தார்.

வெள்ளைக்காரி வந்தாள். நாயைத் தூக்கி முத்தமிட்டாள், அந்த வெள்ளையை அவள் கவனிக்கவுமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பயணம். வாகனத்தின் முன் சீட்டில் நாய்.

எங்கள் ஊரில் தூரப் பயணம் போகிறவர் வீட்டாரிடம் தான் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்காமல் படி இறங்க மாட்டார். இவரும் வந்து என் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"மௌத்து ஹயாத்து தெரியாது புள்ள, உசிரோட திரும்பி வருவனோ என்னவோ. நீ வேணுமெண்டு செஞ்ச எண்டு பிழையா நினைச்சிட்டன். அது பெரிய பாவம். எனக்கு மாப்புச் செய்."

"செஞ்சிட்டன்" என்றேன்.

கேட்டவரிடம் நாமும் கேட்க வேண்டும், அதுதான் முறை. நானும் கேட்டேன்.

"எனக்கும் மாப்புச் செய்யுங்க."

"உனக்கு என்னத்துக்குப் புள்ள மாப்பு?" என்று சிரித்தார். "செஞ்சிட்டன், போ."

எதற்கென்று நான் சொல்லவில்லை. அவர் போய் வாகனத்தை எடுத்தார்.